செனீசே காஞ்ச குடமிளகா ஒரு சரம் கையில இருக்கு, எப்படி வறுக்கணும், வேற எதுலெல்லாம் போடலாம்?

நித்யா_பொலோஞா

எல்லாருக்கும் வணக்கம். சமீபத்துல தெற்கு இத்தாலியில பசிலிகாத்தா பக்கம் மத்தேரா போயிருந்தோம். அங்க ஒரு சின்ன சாப்பாட்டுக் கடையில பாஸ்தா மேல அடர் சிவப்பா மெல்லிசா ஏதோ நொறுக்கித் தூவிக் குடுத்தாங்க, வாயில வச்ச உடனே படபடன்னு ஒடையுது, காரம் துளியும் இல்ல, லேசா இனிப்பு, பின்னாடி ஒரு வறுத்த வாசனை, என்ன இதுன்னு கேட்டா பெபெரோனே க்ருஸ்கோ, செனீசே ஊரு குடமிளகாய காய வச்சு எண்ணெயில வறுத்ததுன்னு சொன்னாங்க. வறுத்த பாக்கெட்டும் கிடைச்சுது ஆனா நான் வறுக்காத சரமாவே வாங்கிட்டு வந்துட்டேன், காம்புல நூல் கோத்து நீளமா தொங்குதே அது.

இப்போ என் கேள்வி என்னன்னா, இத வீட்ல எப்படி வறுக்குறது? எண்ணெய் எவ்வளவு சூடு இருக்கணும், முன்னாடி கழுவணுமா, ஊற வைக்கணுமா, விதைய எடுக்கணுமா? பாஸ்தா தவிர வேற எதுக்கு யூஸ் பண்ணுவாங்க? அப்புறம் சாதாரண சிவப்பு குடமிளகாய நானே காய வச்சா இதே மாதிரி வருமா, இல்ல இந்த வகையிலயே ஏதோ தனியா இருக்கா? செஞ்சு பழக்கம் உள்ளவங்க சொல்லுங்க ப்ளீஸ், ஒண்ணு கூட வீணாகக் கூடாதுன்னு இன்னும் சரத்த பிரிக்கவே இல்ல.

பொத்தென்சா_சிவா

வணக்கம் நித்யா. நான் வேலை விஷயமா அதே பசிலிகாத்தாவுல பொத்தென்சால சில வருஷம் இருந்தவன், இந்த மிளகாய பத்தி யாராவது கேட்டா என்னால சும்மா இருக்க முடியாது, கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

உங்க கடைசி கேள்விக்கு முதல்ல வரேன், ஏன்னா அது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா புரியும். கடையில கிடைக்கிற பெரிய சிவப்பு குடமிளகாய காய வச்சா இது வராது. அதுல சதை தடி, தண்ணி ஜாஸ்தி, வெளிய தொங்கவிட்டா காயுறதுக்கு முன்னாடி அழுகிடும், ஓவன்ல போட்டு எப்படியோ காய வச்சாலும் தோல் மாதிரி இழுக்கும், ஒடையாது. செனீசே வகையில சதை ரொம்ப மெல்லிசு, 2 மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், தண்ணியும் கம்மி, அதனால வெயில் காத்துலயே சீக்கிரம் காஞ்சிடுது. இன்னொரு விஷயம் காம்பு. காஞ்ச பிறகும் காம்பு பழத்த விட்டு கழண்டு வராது, கெட்டியா பிடிச்சிட்டு இருக்கும், அதனாலதான் காம்புலயே ஊசி விட்டு கோக்க முடியுது. மெல்லிசு சதை, கெட்டிக் காம்பு, ரெண்டும் சேர்ந்து இருக்கறதாலதான் இத காய வைக்கிற பழக்கமே அங்க இவ்ளோ ஆழமா வேர் விட்டுச்சுன்னு நான் நம்புறேன்.

மிளகா இனமே அமெரிக்கக் கண்டத்துலேர்ந்து ஸ்பெயின்காரங்க வழியா 15ஆம் நூற்றாண்டு கடைசியில ஐரோப்பாவுக்கு வந்து 16ஆம் நூற்றாண்டுல பரவினதுதான், தெற்கு இத்தாலி அப்போ ஸ்பெயின் ஆட்சியில இருந்த நேப்பிள்ஸ் ராஜ்ஜியம், அப்படித்தான் இந்த மலைப்பக்கம் வரைக்கும் ஏறி வந்திருக்கு. செனீசே ஊரு சின்னி ஆத்துப் பள்ளத்தாக்குல இருக்கு, பக்கத்துலயே மோந்தே கொதுஞோன்னு பெரிய மண் அணை, ஐரோப்பாவுல இருக்கிற பெரிய மண் அணைகள்ல ஒண்ணு. கோடையில நல்ல வெயில், வறண்ட காத்து, காய வைக்கறதுக்கு அதுதான் முக்கியம். பிப்ரவரி மார்ச்சுல நாத்து விடுவாங்க, மே மாசம் நடுவாங்க, ஆகஸ்ட்ல கையாலதான் பறிப்பாங்க. பறிச்சத முதல்ல ரெண்டு மூணு நாள் நிழலான காத்தோட்டமான இடத்துல துணி இல்லனா வலை மேல பரப்பி வைப்பாங்க, அப்புறம்தான் சரம் கோக்குறது. ஒவ்வொரு சரமும் ஒண்ணரை மீட்டர்லேர்ந்து ரெண்டு மீட்டர் வரைக்கும் வரும், ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டாம சுத்திச் சுத்தி வர்ற மாதிரி கோப்பாங்க, ஒட்டினா அந்த இடத்துல பூஞ்சை பிடிச்சிடும். ஈரப்பதம் சுமார் 10-12 சதவீதத்துக்கு இறங்குற வரைக்கும் வெயில்ல தொங்கும். ஆகஸ்ட் செப்டம்பர்ல அந்தப் பக்கம் போனா பால்கனி பால்கனியா செவப்பா இருக்கும்.

1996லேர்ந்து பெபெரோனி தி செனீசேன்னு ஐஜிபி பேர் பதிவு இருக்கு, நம்ம ஊரு புவிசார் குறியீடு மாதிரி. அதாவது பொத்தென்சா, மத்தேரா மாகாணங்கள்ல குறிப்பிட்ட சில ஊர்கள்ல, சின்னி ஆக்ரி ஆத்துப் பக்கம் விளைஞ்சதுக்குத்தான் அந்தப் பேர் போடலாம். பச்சையா, காஞ்சதா, பொடியா, மூணு விதமாவும் வரும். இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, க்ருஸ்கோங்கற வார்த்தை மட்டும் பாக்கெட்ல இருந்தா அது செனீசேலேர்ந்து வந்ததுன்னு அர்த்தம் இல்ல, வேற எங்கயோ விளைஞ்ச மிளகாய வறுத்தும் அந்தப் பேர்ல விப்பாங்க. நீல மஞ்சள் ஐஜிபி முத்திரையும் செனீசே பேரும் இருக்கான்னு பாத்து வாங்குங்க. விலை கூடத்தான், ஆனா இவ்ளோ கைவேலைக்கு அது நியாயம்னு எனக்குத் தோணும்.

வறுக்குறத பத்தி வாணி அக்கா இங்க இருக்காங்க, அவங்கள விட நல்லா யாரும் சொல்ல முடியாது. அக்கா கொஞ்சம் வாங்க.

வாணி_பலெர்மோ

சிவா தம்பி கூப்பிட்டபடியா வந்தன். நித்யா, நான் பலெர்மோவில ஒரு வயசான அம்மாவைப் பாக்கிற வேலை செய்யிறன், அவ பசிலிகாத்தா ஆள், கலியாணம் கட்டி இஞ்ச வந்தவ. இந்த மிளகாய் இல்லாமல் அவவுக்கு குளிர்காலம் போகாது. அவ பக்கத்தில கதிரை போட்டு இருந்து எனக்குச் சொல்லித் தந்ததைத்தான் எழுதுறன்.

முதல் விசயம், கழுவவே கூடாது. ஊறவும் போடாதேங்கோ. ஒரு காஞ்ச துணியால ஒவ்வொண்டா துடைச்சு எடுங்கோ, தூசி போகும். ஈரம் பட்டால் பிறகு என்ன செய்தாலும் மொறுமொறுப்பு வராது, எண்ணெயும் வெடிக்கும். காம்பைத் திருகி எடுத்திட்டு கவிழ்த்துத் தட்டினால் விதை கொட்டிண்டிடும். விதை உள்ளுக்க இருந்தால் அது முதல்ல கருகி எண்ணெய் முழுக்கக் கசக்கும். முழுசாகவும் பொரிக்கலாம், நீளவாக்கில ரெண்டாப் பிளந்தும் பொரிக்கலாம். புதுசாச் செய்யிற ஆக்களுக்குப் பிளந்தது சுகம், உள்பக்கம் கருகுதோ எண்டு கண்ணால பாக்கலாம்.

உங்கட வீடு ஈரலிப்பான இடம் எண்டால் மிளகாய் காத்தில இருந்த ஈரத்தை இழுத்து கொஞ்சம் வதங்கின மாதிரி வளையும். அப்பிடி வளைஞ்சால் பொரிக்க முதல் ஓவனைக் குறைஞ்ச சூட்டில வைச்சு கொஞ்ச நேரம் உள்ளுக்க விடுங்கோ. கையில எடுத்து ஆட்டேக்க சலசல எண்டு சத்தம் வரவேணும். அதுதான் பதம்.

எண்ணெய் ஒலிவ் எண்ணெய் தான், நல்லது, தாராளமா விடுங்கோ, மிளகாய் மிதக்க வேணும். புகை வரக்கூடாது. ஒரு சின்னத் துண்டைப் போட்டுப் பாருங்கோ, உடன சுத்திவர நுரை கட்டினால் சரி, ஆனால் நிறம் மாறக்கூடாது. பிறகு ஒண்டு ரெண்டாப் போட்டு, ஊதி வரும், உடன பிரட்டி, உடன எடுக்க வேணும். மூண்டு நாலு செக்கன், அவ்வளவுதான். கண்ணை எடுக்கேலாது, ஃபோன் அடிச்சாலும் எடுக்காதேங்கோ. இதில இனிப்பு இருக்கிறபடியா சட்டெண்டு கருகும், மண்ணிறமாப் போனால் கசப்புத்தான்.

இன்னொண்டு, எண்ணெயால எடுக்கேக்க மெதுவாத்தான் இருக்கும், ஐயோ இது மொறுமொறுப்பா வரேல்லையே எண்டு திருப்பிப் போடுறவை இருக்கினம், அப்பிடிச் செய்யாதேங்கோ. ஆறேக்கதான் மொறுமொறுப்பு வரும். பேப்பரில ஒண்டு மேல ஒண்டு படாமல் பரவி விடுங்கோ, மூடாதேங்கோ, மூடினால் ஆவி அடிச்சு நமத்துப் போகும். உப்பு கடைசியில, எண்ணெய் ஒட்டி இருக்கேக்கயே தூவுங்கோ.

பொரிச்ச எண்ணெயைத் தயவுசெய்து ஊத்திப் போடாதேங்கோ. சிவப்பா வாசமா இருக்கும். அந்த எண்ணெய்தான் மிச்சச் சமையலுக்கு உயிர்.

கார்த்தி_மிலான்

வாணி அக்கா சொன்னது சூப்பர். ஆனா ஒரு டவுட், இவ்ளோ எண்ணெய் வேணாம்னு நெனக்கிறவங்க ஏர் ஃப்ரையர்லயோ ஓவன்லயோ பண்ணக் கூடாதா? நான் எண்ணெய லேசா தடவி ஏர் ஃப்ரையர்ல போட்டுப் பாத்தேன், மொறுமொறுன்னு வந்துச்சு, எனக்கு ஓகேவாதான் இருந்துச்சு. அப்புறம் இது நம்ம மோர் மிளகாய் வறுக்குற மாதிரிதானே, அந்த அனுபவம் இருந்தா போதும் இல்லையா?

பொத்தென்சா_சிவா

கார்த்தி, மொறுமொறுப்பு வரும், அத நான் மறுக்கல, டயட் காரணமா செய்யறவங்க தாராளமா செய்யலாம். ஆனா எனக்கு அதுல பாதிதான் கிடைக்குது. இந்த மிளகாயோட செவப்பு நிறம் எண்ணெயில கரையுற சமாச்சாரம், வாசனையும் பெரும்பகுதி அப்படித்தான், நாலு செகண்ட் எண்ணெயில முங்கும்போது அது எண்ணெய்க்குள்ள இறங்குது, அங்க எல்லா சமையலும் அந்த எண்ணெய வச்சுத்தான் ஆரம்பிக்குது. ஏர் ஃப்ரையர்ல செஞ்சா உங்களுக்கு நொறுக்குத் தீனி கிடைக்கும், அந்த எண்ணெய் கிடைக்காது. பாஸ்தா மேல தூவறதுக்கு மட்டும்னா பரவால்ல, பக்கலாவுக்கு அது பத்தாது.

மோர் மிளகாய் கணக்குல போனா கருக்கிடுவீங்க, நான் இத அழுத்திச் சொல்றேன். மோர் மிளகாய நல்லா செவந்து கருக்குற பதத்துக்கு விட்டாதான் நமக்குப் பிடிக்கும், அதுல மோரும் உப்பும் ஊறி இருக்கு, காரமும் இருக்கு. இதுல உப்பு கிடையாது, காரம் கிடையாது, வெறும் பழத்தோட இனிப்பு மட்டும்தான், நிறம் மாறுற வரைக்கும் காத்திருந்தா அதுவும் போயிடும்.

நித்யா_பொலோஞா

ஐயோ ரொம்ப ரொம்ப நன்றி, இவ்ளோ விவரமா எதிர்பாக்கல. வாணி அக்கா நீங்க சொன்ன மாதிரி எடுத்து ஆட்டிப் பாத்தேன், சத்தம் வரல, லேசா வளையுது, பொலோஞா காத்துல ஈரம் ஜாஸ்தி அதான் போல, ஓவன்ல கொஞ்சம் வச்சிட்டு அப்புறம் வறுக்குறேன். அந்த பாஸ்தா எப்படி செய்யுறதுன்னு யாராவது சொல்லுங்களேன், ரொட்டித் தூளும் சேத்திருந்தாங்க. சிவா அண்ணா, பக்கலான்னா உப்புக் கருவாடு மாதிரி அந்த காட் மீன்தானே, அதுல எப்படிப் போடுவாங்க?

வாணி_பலெர்மோ

பாஸ்தா நான் சொல்லுறன், அது லேசு. அந்தப் பக்கத்தில ஸ்த்ராஷினாத்தி இல்லாட்டிக் கவதெல்லி எண்டு முட்டை போடாமல் ரவை மாவில கையால செய்யிற பாஸ்தா, உங்களுக்குக் கடையில காஞ்சது கிடைச்சாலும் காணும். பழைய பாணின்ர, அதுதான் ரொட்டியின்ர, உள்பக்கத்தைக் கையால உதிர்த்து எடுங்கோ, அதைத்தான் மொல்லிகா எண்டு சொல்லுறவை. பெட்டியில வாற பொடி போடாதேங்கோ, அது மண் மாதிரிப் போயிடும், சின்னதும் பெரிசுமா இருக்க வேணும். மத்தேரா பாண் கிடைச்சால் விசேசம், அது கோதுமை ரவை மாவில செய்யிறது, அதுக்கும் ஐஜிபி இருக்கு.

முதல்ல மிளகாயைப் பொரிச்சு எடுத்து வையுங்கோ. அந்த எண்ணெயில கொஞ்சத்தை வேற சட்டியில விட்டு ஒரு பூண்டை நசுக்கிப் போட்டு, வாசம் வந்தோடன பூண்டை எடுத்திட்டு, பாண் தூளைப் போட்டுப் பொன்னிறமா வறுங்கோ. பாஸ்தாவை அவிச்சு அந்தச் சிவப்பு எண்ணெயில பிரட்டி, அவிச்ச தண்ணி ஒரு கரண்டி விட்டு, கடைசியில பாண் தூள் பாதி, மிளகாய் பாதி கையால நொறுக்கிப் போட்டுப் பிரட்டி, மிச்சப் பாதியைக் கோப்பையில போட்ட பிறகு மேல தூவுங்கோ. எல்லாத்தையும் முதலே போட்டால் ஈரத்தில நமத்திடும். பெக்கொரீனோ சீஸ் துருவிப் போடுறவையும் இருக்கினம், எங்கட அம்மா போட விடமாட்டா. பாண் தூள்தான் சீஸ் இல்லாத காலத்தில சீஸுக்குப் பதிலாப் போட்டது, ரெண்டும் ஏன் எண்டு கேப்பா. எனக்கும் இப்ப சீஸ் இல்லாமல்தான் பிடிக்குது.

விடியப் பாண் காஞ்சு கிடந்தால் அவ அக்வசாலே செய்யச் சொல்லுவா. வெங்காயத்தை எண்ணெயில வதக்கி, தண்ணி விட்டு உப்புப் போட்டு, கொதிக்கேக்க முட்டையை உடைச்சு விட்டு, இந்த மிளகாய்ப் பொடி ஒரு கரண்டி போட்டு, காஞ்ச பாணில ஊத்திச் சாப்பிடுறது. வயித்துக்கு நல்ல இதம். முட்டைப் பொரியலுக்கும் மேல நொறுக்கிப் போடலாம், அவிச்ச உருளைக்கிழங்குக்கும் போடலாம்.

பொத்தென்சா_சிவா

ஆமா நித்யா, உப்புல போட்ட காட் மீன்தான். கடல் தள்ளி இருக்கிற மலை ஊர்கள்ல ஃப்ரெஷ் மீன் கிடைக்காத காலத்துல இதுதான் மீன், கத்தோலிக்க நோன்பு நாள்கள்ல, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்ல கறி சாப்பிட மாட்டாங்க, அப்போ பக்கலா. பொத்தென்சா பக்கத்துல அவில்யானோன்னு ஒரு ஊரு, பக்கலாவும் இந்த மிளகாயும் சேத்து செய்யறதுல அந்த ஊருக்குத்தான் பேரு.

செய்முறை ரொம்ப எளிசு, மீன் நல்லதா இருக்கணும் அவ்ளோதான். தடியான துண்டா பாத்து வாங்கி, ரெண்டு மூணு நாள் தண்ணில ஊற வைங்க, ஃப்ரிட்ஜ்ல வச்சு தண்ணிய அடிக்கடி மாத்திட்டே இருங்க. உப்பு போச்சான்னு ஒரு ஓரம் கிள்ளி வாயில வச்சுப் பாருங்க. உப்பு போடாத தண்ணில கொதி வராம மெதுவா வேக வச்சு, வடிச்சு, முள்ளு தோல் எடுத்துட்டு பெரிய பெரிய இதழா பிரிச்சு தட்டுல பரப்புங்க. மிளகா வறுத்த எண்ணெய் சூடா இருக்கும்போதே அது மேல ஊத்துங்க, கொஞ்சம் பார்ஸ்லி, மேல வறுத்த மிளகா முழுசு முழுசா. வெள்ள மீன், செவப்பு எண்ணெய், கரகரன்னு மிளகா. மீன்ல இருக்கிற மிச்ச உப்புக்கும் இந்த இனிப்புக்கும் ஒரு பொருத்தம் இருக்கு பாருங்க, இந்த மிளகாயோட முழு ருசியும் எனக்கு இதுலதான் தெரிஞ்சுது, பாஸ்தாவெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

பொடி பத்தி வாணி அக்கா லேசா சொன்னாங்க. அந்தப் பகுதி சாசேஜ்கள்ல, லுகானிகா வகையெல்லாம், பெருஞ்சீரகமும் இந்த இனிப்பு மிளகாப் பொடியும் சேப்பாங்க, அந்த செவப்பு அதுலேர்ந்து வர்றதுதான். மொச்சை மாதிரி இருக்குமே ஃபாவா பருப்பு, அத மசிச்சு கூழா செஞ்சு மேல க்ருஸ்கி, அதாவது வறுத்த இந்த மிளகா, வச்சுத் தருவாங்க, சைவம் சாப்பிடறவங்களுக்கு நான் முதல்ல சிபாரிசு பண்றது அதுதான். இப்போ சாக்லேட் முக்கியும் விக்கிறாங்க, நல்லாத்தான் இருக்கு.

தோட்டம்_தொரினோ

லேட்டா வரேன், சமையல் பத்தி மேல சொன்னதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது, வகைகள பத்தி மட்டும் சொல்றேன், ஏன்னா நித்யா கேட்ட மாதிரியே நிறைய பேர் வேற குடமிளகா வச்சு இத செய்யப் பாக்குறாங்க.

இத்தாலியில ஒவ்வொரு பகுதி குடமிளகாயும் ஒவ்வொரு வேலைக்குன்னே இருக்கு. எங்க பியமோந்தே பக்கம் கார்மஞோலா, சதை நல்லா தடி, அத சுட்டு தோல் உரிச்சு பாஞா காவ்தால, அதாங்க ஆஞ்சோவி மீனும் பூண்டும் எண்ணெயும் சேந்த சூடான சாஸ், அதுல தொட்டு சாப்பிடலாம், அடைச்சு வேக வைக்கலாம், காய வைக்க மட்டும் ஆகாது. நேப்பிள்ஸ் பக்கம் பப்பச்செல்லா, தட்டையா சின்னதா வரிவரியா இருக்கும், வினிகர்ல ஊற வச்சு கிறிஸ்துமஸ் சாலட்ல போடுறது. லாட்சியோவுல பொந்தெகோர்வோ, 2010லேர்ந்து அதுக்கு டிஓபி இருக்கு, அதுவும் ஐஜிபி மாதிரி விளையுற இடத்தோட பேருக்கான பதிவுதான், தோல் மெல்லிசு, வயித்துல சுலபமா செரிக்கும்னு விரும்புவாங்க. ஃப்ரிஜ்ஜிதெல்லின்னு சின்ன பச்சை நீளமானது, அப்படியே முழுசா சட்டில வதக்கறது. செனீசேக்கு கொஞ்சம் கிட்ட வர்றதுன்னா அப்ரூட்சோவோட அல்தீனோதான், அதுல பழம் மேல பாத்து நிக்கும், அதையும் சரம் கோத்து காய வச்சு பொடியாக்குவாங்க, சாசேஜ்ல போடுவாங்க. செனீசே கிடைக்கலன்னா அத தேடுங்க, கார்மஞோலாவ ஓவன்ல வாட்டி நேரத்த வீணாக்காதீங்க.

விதை எடுத்து வச்சு வளக்கலாமான்னு அடுத்து யாராவது கேப்பீங்க. செடி வரும். அந்தப் பக்கம் விவசாயிங்களும் நல்ல பழமா பாத்து விதைய அவங்களே எடுத்து வச்சுக்கறவங்கதான். ஆனா வேற குடமிளகா பக்கத்துல இருந்தா தேனீ வழியா கலந்துடும், அடுத்த தலைமுறையில சதை தடிச்சாலே காய வைக்கிற குணம் போச்சு. அதோட எங்க வடக்குல ஆகஸ்ட் கடைசியிலயே ராத்திரி ஈரம் இறங்கிடுது, சரம் தொங்கவிட்டா பூஞ்சைதான். பகல்ல வெளிய, ராத்திரி உள்ளன்னு மாத்தி மாத்தி வைக்கணும், கடைசியில ஓவன் உதவி இல்லாம முடியாது.

நித்யா_பொலோஞா

எல்லாருக்கும் கும்பிடு போடுறேன். ஞாயித்துக்கிழமை பாஸ்தா, அடுத்த வாரம் பக்கலா. கடைசியா ஒண்ணே ஒண்ணு, மிச்ச சரத்த எப்படி வைக்கிறது? சமையலறையில அழகா தொங்கவிட ஆசை, அடுப்பு ஆவி பட்டா கெட்டுடுமா? வறுத்தத எத்தனை நாள் வைக்கலாம்?

வாணி_பலெர்மோ

குசினிக்க தூக்காதேங்கோ நித்யா, ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் பிடிச்சு வளைஞ்சு போகும், பிறகு பூச்சியும் வரும். வெயில் படாத, காத்து வாற அறையில தூக்கலாம், அதுவும் குளிர்காலத்துக்குள்ள முடிக்கிறதெண்டால்தான். கனநாள் வைக்கிறதெண்டால் ஒருக்கா ஓவன்ல காய விட்டு, ஆறினாப்பிறகு காத்துப் போகாத பையில போட்டு ஃப்ரீசர்ல வையுங்கோ, பூச்சி கிட்ட வராது. எடுத்தோடன பையைத் திறக்காதேங்கோ, குளிர் போன பிறகு திறவுங்கோ, இல்லாட்டி மிளகாயில தண்ணி படியும்.

பொரிச்சது அண்டைக்கே சாப்பிடுறதுதான் நல்லது. மிச்சம் வந்தால் நல்லா ஆற விட்டுத் தகரத்தில அடைச்சு வையுங்கோ, கொஞ்ச நாளைக்கு இருக்கும். ஒடிஞ்ச துண்டுகளை அம்மியோ கிரைண்டரோ போட்டுப் பொடியாக்கி ஒரு போத்தலில விட்டால் முட்டைக்கும் சூப்புக்கும் உதவும். உங்கட பக்கலாவுக்கு மீனை வெள்ளிக்கிழமையே தண்ணியில போடுங்கோ, ஞாயிறு மத்தியானத்துக்குச் சரியா இருக்கும்.